நூறு நானோமீட்டர் படலத்தில் மேடும் பள்ளமும்

தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பெட் பிளாஸ்டிக்கில் ஒரு மெல்லிய தாள். அதன்மேல் கருநீலத் துளி ஒன்றை விட்டால் சரியாகப் பரவாது. எண்ணெய் பூசிய தட்டில் விழுந்த நீர்போலத் திரண்டு ஒதுங்கும். ஆக்சிஜன் பிளாஸ்மாவைச் சில விநாடிகள் அந்தத் தாளின்மீது பாய்ச்சிவிட்டு மறுபடி விட்டுப் பாருங்கள். துளி விரிந்து படியும்.

அந்த நீலத் திரவம், மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக். பெயர் பெடாட்-பிஎஸ்எஸ்.

பிளாஸ்டிக்கிலும் மின்சாரம் நன்றாகப் பாயும் என்று 1977-இல் காட்டியவர்கள் ஷிரகாவா, மெக்டயர்மிட், ஹீகர் ஆகிய மூவர். 2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் அவர்கள் கையாண்ட பாலி அசெட்டிலீன் காற்றுப் பட்டாலே கெட்டுவிடும். ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் 1980-களின் இறுதியில் உருவான பெடாட் அப்படியல்ல, உறுதியானது. ஒரே குறை, தண்ணீரில் கரையாது. அதற்காகத்தான் பிஎஸ்எஸ் என்ற துணைப் பாலிமரைச் சேர்க்கிறார்கள். அதுவோ மின்சாரத்தைக் கடத்தாது!

இந்தத் திரவத்தைப் பூசி உலர்த்தினால் கிடைக்கும் படலத்தின் கனம் ஏறத்தாழ 100 நானோமீட்டர், அதாவது தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1986-இல் வந்த அணுவிசை நுண்ணோக்கி, கூரிய ஊசிமுனையால் இதைத் தடவித் தடவிப் படமெடுக்கிறது. நெல்மணியை உமி மூடியிருப்பதுபோல, பெடாட் மணிகளைச் சுற்றி பிஎஸ்எஸ் போர்த்தியிருப்பது அந்தப் படங்களில் தெரிகிறது. மணிக்கு மணி உமி குறுக்கே நின்றால் மின்சாரம் எப்படித் தாவும்? எத்திலீன் கிளைக்காலைச் சில சதவீதம் கலந்தால் உமி விலகி, மணிகள் நீண்டு ஒன்றையொன்று தொடுகின்றன. கடத்துதிறன் பல நூறு மடங்கு உயர்கிறது. இத்துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

கண்ணாடிமேல் இதெல்லாம் எளிது. வளையும் தாளில் சிக்கல் கூடும். பெட் ஏறக்குறைய 75 டிகிரி செல்சியசிலேயே இளகத் தொடங்கும் என்பதால், படலத்தை விருப்பம்போல் சூடேற்றி உலர்த்த முடியாது. இன்னொரு தொல்லையும் உண்டு: சுருட்டி வைத்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க, உற்பத்தியின்போதே நுண்ணிய சிலிக்கா துகள்களைச் சேர்ப்பதுண்டு. நமக்கு அவை கண்ணுக்கே தெரியாத தூசு. 100 நானோமீட்டர் படலத்துக்கோ அதைத் துளைத்து நிற்கும் பாறை. ஓஎல்இடி விளக்கில் அப்படி ஒரு பாறை இருந்தாலே போதும், குறுக்குச்சுற்று ஏற்பட்டு அந்த இடம் கருகிவிடும்.

இத்தனை பாடுபட்டும் பெடாட்டை விடாமல் பிடித்திருக்கக் காரணம் உண்டு. செல்பேசித் தொடுதிரைகளில் மின்கடத்தியாக உள்ள இண்டியம் டின் ஆக்சைடு, பீங்கான் வகை. இரண்டு மூன்று சதவீதம் நீண்டாலே விரிசல் விடும். பெடாட் படலம் வளைந்து கொடுக்கிறது.

மேடுபள்ளம் எல்லா இடத்திலும் கெடுதல் என்றும் நினைத்துவிடக் கூடாது. மூளையின் மின்துடிப்புகளைப் பதிவுசெய்யும் நுண்மின்முனைகளில் பெடாட்டைச் சொரசொரப்பாகவே பூசுகிறார்கள். திசுவைத் தொடும் பரப்பு பெருகுவதால் மின்தடுப்பு குறைகிறது. மெல்லிய துடிப்பும் தெளிவாகப் பதிவாகிறது.