பூனையின் அரிப்பும் வீட்டு மருந்தும்

பூனைக்கு வரும் தோல் ஒவ்வாமையில் முதலிடம் தெள்ளுப்பூச்சிக்குத்தான். கடிக்கும்போது பூச்சி விடும் உமிழ்நீர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதே காரணம். ஒன்றிரண்டு கடி போதும், அரிப்பு நாட்கணக்கில் நிற்காது. வாலடியிலும் கழுத்தைச் சுற்றியும் தடவினால் கடுகளவு பொருக்குகள் கையில் நெருடும். வயிறும் உள்தொடையும் நக்கி நக்கியே முடி இழந்து வெறுமையாகும்.

‘எங்கள் பூனையிடம் பூச்சியே கிடையாது’ என்று வளர்ப்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். நாள் முழுக்கத் தன்னை நக்கிக்கொள்ளும் பூனை பூச்சியையும் சேர்த்து விழுங்கிவிடுவதால் அது கண்ணில் படுவதில்லை. பேன் சீப்பால் வாலடியை வாரி, வரும் கருந்துகளை நனைத்த வெள்ளைத் துணியில் தட்டினால் விஷயம் தெரிந்துவிடும். செம்பழுப்பாகக் கரைந்து பரவினால் அது மண்ணல்ல. பூச்சி குடித்துக் கழித்த ரத்தம்.

மாட்டிறைச்சி, மீன், கோழி ஆகியவற்றால் வரும் உணவு ஒவ்வாமையும், வீட்டுத் தூசி, மகரந்தம் போன்றவற்றால் வருவதும் அடுத்த இரண்டு வகைகள். இவற்றைப் போலவே தோன்றும் படர்தாமரையும் சொறியும் ஒவ்வாமையே அல்ல. படர்தாமரை வீட்டில் உள்ளவர்களுக்கும் சுலபமாகத் தொற்றும்.

பூனையின் உடம்பில் பூசுவதெல்லாம் கொஞ்ச நேரத்தில் அதன் வயிற்றுக்குள் போய்விடும். போன பிறகு அதைச் சமாளிக்கும் வலுவும் அதற்குக் குறைவு. பல வேதிப்பொருள்களை முறித்து வெளியேற்ற மற்ற விலங்குகளின் கல்லீரலில் உள்ள ஒரு நொதி, அதற்கான மரபணு செயலிழந்துபோனதால் பூனைக் குடும்பத்துக்கே சரிவர இல்லை. பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்வதற்கும், டீ ட்ரீ ஆயில் சில சொட்டுகளிலேயே நடுக்கமும் தள்ளாட்டமும் தருவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். கற்பூரம், நீலகிரித் தைலம், எலுமிச்சைத் தோல் எண்ணெய் மூன்றும் ஆகாதவை. பூச்சியை விரட்டும் என்று சோற்றில் பூண்டு கலப்பது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையில் கொண்டுபோய் விடும். வேப்பெண்ணெயை நக்கினால் எச்சில் ஒழுகி வாந்தி வரக்கூடும். மடிநோய் கண்ட பசுவுக்குச் சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசும் முறை தமிழ்நாட்டில் நன்கு பழகியது. மாட்டுக்கு ஆனது பூனைக்கும் ஆகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கற்றாழைத் தோலை ஒட்டியிருக்கும் மஞ்சள் பால் உள்ளே போனால் பூனைக்கு வாந்தியும் பேதியும் வரும். இயற்கைப் பொருள்களுக்கு மட்டும்தான் இந்த எச்சரிக்கை என்றும் இல்லை. நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனையின் பிடரியில் விட்டால் வலிப்பு வந்து உயிரே போகலாம்.

உதவக்கூடிய இயற்கை வழிகள் குறைவு, பகட்டில்லாதவை. முதலாவது அந்தப் பேன் சீப்பேதான். தினமும் வாரி, சிக்கும் பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் முக்க வேண்டும். பூச்சியின் முட்டைகள் பூனை மேல் தங்காமல் பாயிலும் சோபா இடுக்கிலும் உதிர்ந்து பொரிவதால், படுக்கைத் துணிகளைச் சுடுநீரில் துவைப்பதும் இடுக்குகளைக் கூட்டி எடுப்பதும் வாரம் தவறாமல் நடக்க வேண்டும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும் என்பதால் ஒரு வாரத்தில் பலன் தேடக் கூடாது.

மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு தோலின் அழற்சியை ஓரளவு தணிக்கும். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகலாம். அதற்கு மாற்றாக ஆளி விதை எண்ணெய் கொடுப்பது வீண். தாவரக் கொழுப்பைத் தனக்கு வேண்டிய வடிவத்துக்கு மாற்றும் திறன் பூனைக்கு மிகக் குறைவு. அரைத்த ஓட்ஸைக் கரைத்த வெதுவெதுப்பான நீர் ஓரிரு நாள் அரிப்பை ஆற்றும். மசாலா ஓட்ஸ் அல்ல, வெறும் ஓட்ஸ். ஆனால் பூனையைக் குளிப்பாட்டும் பாட்டை நினைத்தால் பலர் இதைத் தவிர்த்துவிடுவார்கள்.

ஹோமியோபதியில் சல்ஃபர், ஆர்சனிகம் ஆல்பம், ஏபிஸ், ரஸ் டாக்ஸ், கிராஃபைட்டிஸ் ஆகியவை அரிப்புக்குச் சொல்லப்படுகின்றன. ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹானிமன் வகுத்த இம்முறையில் ‘30சி’ என்றால் நூறில் ஒரு பங்காக முப்பது முறை நீர்த்தது. பன்னிரண்டாவது முறையைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளைப் பரிசீலித்த ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வுக் குழு, எந்த நோய்க்கும் இது பலன் தருவதாக நம்பத்தகுந்த சான்று இல்லை என்று 2015-ல் அறிவித்தது. 2017-ல் பிரிட்டனின் ராயல் கால்நடை மருத்துவர் கல்லூரியும், சான்றுள்ள சிகிச்சைக்குப் பதிலாக இதைக் கொடுக்கக் கூடாது என்றது. ஆனாலும் கொடுத்தபின் பூனை தேறியதாகச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. ஒவ்வாமை கூடுவதும் குறைவதுமாக வருவது; உச்சத்தில் இருக்கும்போது எதைக் கொடுத்தாலும் அடுத்த வாரம் தணிந்ததுபோல் தெரியும். சர்க்கரை உருண்டையால் நேரடிக் கெடுதல் இல்லை, நாள்தான் கடந்துபோகும். நீர்க்காத மூலச்சாறான மதர் டிங்க்சர் வேறு சங்கதி: அதில் ஆல்கஹாலும் தாவரச் சாறும் உண்டு.

கால்நடை மருத்துவர் முதலில் பார்ப்பது பூச்சியை. பிடரியில் விடும் செலமெக்டின் போன்ற சொட்டு மருந்திலேயே பல பூனைகளின் அரிப்பு அடங்கிவிடும். அடங்காவிட்டால், அதுவரை தின்றிராத ஒரே இறைச்சியை மட்டும் எட்டு வாரம் கொடுத்து, பிறகு பழைய உணவுக்குத் திருப்பி அரிப்பு மீள்கிறதா என்று பார்ப்பார். பிடிக்காத உணவைத் தின்னட்டும் என்று பட்டினி போடக் கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படியக்கூடும். இந்த உணவுச் சோதனைக்குப் பிறகே பிரெட்னிசலோன், சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளைப் பற்றிய பேச்சு வரும். பிரெட்னிசலோனை நீண்டநாள் கொடுத்தால் நீரிழிவு வரும் அபாயம் இருப்பதால் அளவு அவர் சொல்வதுதான். வீட்டில் பூசியது, ஊட்டியது எல்லாவற்றையும் புட்டியோடு அவரிடம் காட்டிவிட வேண்டும்.