நாமா, நாங்களா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுக்காரர் ஒருவர் கரையில் நிற்பவரிடம், "நாங்க நாளைக்குக் கடலுக்குப் போறோம்" என்றால், கேட்டவர் வீட்டில் தூங்கலாம். "நாம போறோம்" என்றால் அவரும் கிளம்ப வேண்டும். 'போறோம்' இரண்டுக்கும் பொது. யார் சேர்த்தி, யார் வெளியே என்பதைச் சொல்வது முன்னால் நிற்கும் அந்தச் சின்னப் பெயர்தான்.

பழந்தமிழில் வினையே இதைக் காட்டியது. அம், ஆம் விகுதிகள் எதிரில் நிற்பவரையும் சேர்க்கும். எம், ஏம் அவரை விட்டுவிட்டு மற்றவரைச் சேர்க்கும் என்பார்கள் தொல்காப்பிய உரைகாரர்கள். உண்டாம், உண்டேம் என்று தனித்தனியாக இருந்ததைப் பின்னால் வந்த 'ஓம்' ஒன்றாக்கிவிட்டது. இப்படிப் பிறரைச் சேர்த்துச் சொல்வதற்கு உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று பெயரிட்டு, அவ்வளவு காலத்துக்கு முன்பே இலக்கணம் எழுதியதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

வடசென்னையில் தலைமுறைகளாகப் புழங்கும் தெலுங்கிலும் இந்தப் பிரிவு உண்டு: மனம், மேமு. கன்னடம் இழந்துவிட்டது. இந்தோ ஆரிய மொழிகளில் மராத்தியிலும் குஜராத்தியிலும் இருக்கிறது. திராவிட மொழிகளோடு பழகியதால் வந்திருக்கலாம் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. ஆங்கிலத்துக்கு 'வீ' ஒன்றே.

வடக்கு வங்கத்திலும் மேற்கு அசாமிலும் நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளியிலும் பேசப்படும் ராஜ்பங்சியும் 'நாம்', 'நாங்கள்' என்று பிரிப்பதில்லை. 'முய்' என்றால் நான், 'துய்' என்றால் நீ. எதிரில் இருப்பவரின் வயதும் நெருக்கமும் பார்த்து முன்னிலைப் பெயர் மாறும். ஆங்கிலமோ பழைய 'தௌ'வைக் கைவிட்டு, முதலாளிக்கும் குழந்தைக்கும் 'யூ' ஒன்றையே வைத்துக்கொண்டது. படர்க்கையில் இரண்டும் எதிரெதிர். ஆங்கிலம் ஆணா பெண்ணா என்று கேட்கும், மரியாதை கேட்காது; ராஜ்பங்சி மரியாதை பார்க்கும், ஆண் பெண் பார்க்காது. தமிழ் இரண்டையும் கேட்கும். கூச் பிகாரிலிருந்து எண்ணூருக்கு வேலைக்கு வந்த ராஜ்பங்சிக்காரர் ஒருவர் அக்காவை 'அவன்' என்றால் அது அலட்சியமல்ல. அவர் மொழியில் அந்தக் கேள்வியே கிடையாது.

அதைச் சிரித்துத் திருத்திக்கொள்ளலாம். 'நாம', 'நாங்க' குழம்பினால் ஆபத்து. "நாங்க வால்வை மூடிடறோம்" என்று மேஸ்திரி சொன்னால் கேட்பவர் தொடக்கூடாது. "நாம மூடிடலாம்" என்றால் அவர் கையும் வேண்டும். தொழிற்சாலைகளில் புதிதாக வருபவருக்குத் தமிழ் சொல்லித் தருபவர்கள் எண்களுக்கும் முன்னால் இந்த இரண்டையும் சொல்லித் தர வேண்டும்.