ஒரு கைதட்டு பிந்தும் தூரம்

பனியன் கம்பெனி வேலை முடிந்து, பல்லடம், அவிநாசிப் பக்கத்து ஊர்களில் பெண்கள் இரவில் வள்ளி கும்மி பழகுகிறார்கள். ஆசிரியர் மைக்கில் முருகன்-வள்ளி கதையைப் பாட, நூற்றுக்கணக்கான கைகள் சேர்ந்து தட்டும். ஒரு காலத்தில் ஆண்களே ஆடிய இந்தக் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் எம். பத்திரப்பன். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இத்தனை கைகள் எப்படி ஒன்று சேர்கின்றன? காதால் கேட்டு என்றுதான் நினைப்போம். ஆனால் ஒலி அவ்வளவு விரைவானதல்ல. நம் ஊர் வெப்பத்தில் நொடிக்குச் சுமார் 350 மீட்டர்தான் போகும். திடலில் 35 மீட்டர் தள்ளி நிற்பவர் தட்டியது பத்தில் ஒரு நொடி பிந்தித்தான் நம் காதுக்கு வருகிறது.

இந்தப் பிந்தல் என்ன செய்யும் என்பதை அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் குழுவினர் கைதட்டை வைத்தே சோதித்தார்கள். இருவரைத் தனித்தனி அறைகளில் அமர்த்தி, ஒருவர் தட்டுவதை மற்றவர் ஹெட்போனில் கேட்டுத் தட்டச் சொன்னார்கள். நடுவில் கணினி தாமதத்தைக் கூட்டிக் குறைத்தது. தாமதம் சுமார் 10 முதல் 25 மில்லிநொடி வரை இருந்தபோது தாளம் நிலைத்து நின்றது. அதைத் தாண்டியதும் வேகம் தளர்ந்தது. நீ பிந்துகிறாய் என்று நான் காத்திருக்க, நான் பிந்துகிறேன் என்று நீ காத்திருக்க, இருவருமே பின்வாங்குகிறோம். எனக்கு வியப்பு வேறிடத்தில்: 10 மில்லிநொடிக்கும் கீழே போனால் தாளம் ஓட ஆரம்பித்துவிடுகிறது! துளி தாமதம் நமக்குத் தேவைப்படுகிறது.

25 மில்லிநொடியில் ஒலி ஒன்பது மீட்டர்கூடத் தாண்டாது. அதைவிடப் பெரிய வட்டத்தில் எதிரே நிற்பவரின் ஓசையை நம்பித் தட்டினால் கும்மி தளர்ந்துபோகும். அதனால்தான் எல்லோரும் ஆசிரியரின் குரலைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தக் குரல் கம்பி வழியே எல்லா ஸ்பீக்கருக்கும் ஏறக்குறைய ஒரே கணத்தில் போய்விடுகிறது.

கணினிகளைக் கூட்டி இசைத்தவர்களும் எப்படி ஒன்று சேர்வது என்ற இதே கேள்வியில்தான் வந்து நின்றார்கள். 1978-இல் கலிபோர்னியாவில் சிலர் சிறு கணினிகளைக் கம்பியால் இணைத்து வாசித்தார்கள். 2005-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மடிக்கணினி இசைக்குழு தோன்றியது. அதில் ஒவ்வொருவர் பக்கத்திலும் அவரவர் ஸ்பீக்கர். ஆனால் கணினிகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் ஒருபோதும் ஒத்து ஓடுவதில்லை. லட்சத்தில் ஐந்து பங்கு பிசகு இருந்தாலே பத்து நிமிடத்தில் 30 மில்லிநொடி விலகல் சேர்ந்துவிடும். பாட்டு முடிவதற்குள் தாளம் கெடும். ஆகவே ஒரு கணினி இன்னொன்றிடம் மணி கேட்கிறது. கேள்வி போய்ப் பதில் வர ஆன நேரத்தைப் பாதியாக்கி, வந்த விடையோடு கூட்டித் தன் கடிகாரத்தைத் திருத்துகிறது. வாசிப்பு முடியும்வரை இந்தப் பேச்சு ஓயாது.

இந்தப் பேச்சு ஊர்விட்டு ஊர் போனால்? இணையச் செய்தியைச் சுமக்கும் கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். திருப்பூரிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் சுமார் 400 கிலோமீட்டர். ஒளிக்கு 2 மில்லிநொடிப் பயணம். அதே நேரத்தில் ஒலி முக்கால் மீட்டர்கூடப் போகாது. தாளக் கணக்கில், திடலின் மறுகோடியைவிடச் சென்னை நமக்கு நெருக்கம்! சிங்கப்பூருக்குக்கூட நேர்க்கோட்டில் 16 மில்லிநொடி போதும். உண்மையான கேபிள்கள் சுற்றிப் போகின்றன. வழியிலுள்ள கருவிகளும் நேரம் எடுக்கின்றன. மொத்தத் தாமதம் அந்த 25 மில்லிநொடி எல்லையைத் தாண்டாமல் சுருக்குவதுதான் வேலை.

நம் கல்லூரி மாணவர்கள் இதை முயன்று பார்க்கவேண்டும்: திருப்பூரில் ஒரு வட்டம், சென்னையில் ஒரு வட்டம், ஒரே கும்மி. இணைப்பு கம்பியிலேயே இருக்கட்டும். புளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டாம். பல மாடல்கள் 100 மில்லிநொடிக்கு மேல் பிந்துகின்றன. காதிலேயே மாட்டியிருந்தாலும், அந்த ஒலி 35 மீட்டருக்கு அப்பாலிருந்து வருவதற்குச் சமம்.