சுவருக்கும் கைக்கும் நடுவே ஒரு வயர்

புது வீட்டில் டைல்ஸ் ஒட்டும் வேலை நடக்கும்போது போய்ப் பாருங்கள். ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டிங் மெஷினைப் பிடித்திருப்பார். உதவிக்கு நிற்பவர் மூடியில் துளை போட்ட தண்ணீர் பாட்டிலால் வெட்டுக்கோட்டின் மேல் பீய்ச்சிக்கொண்டே இருப்பார். தூசி அடங்கவும் பிளேடு சூடாகாமல் இருக்கவும் அந்தத் தண்ணீர் வேண்டும். ஆனால் தரையெல்லாம் சுண்ணாம்பு நிறத்தில் சேறாகிவிடும். அந்தச் சேற்றின் மேல்தான் வயர் கிடக்கும், நடுவில் டேப் சுற்றிய இரண்டு ஜாயிண்ட்டோடு. பல இடங்களில் வயரின் நுனியில் பிளக்கே இருக்காது. உரித்த கம்பிகளை ஜங்ஷன் பாக்ஸின் துளைகளில் செருகித் தீக்குச்சியால் இறுக்கியிருப்பார்கள். கேட்டால், “எம்.சி.பி. இருக்கு சார், ஏதாவதுன்னா விழுந்துடும்” என்பார்கள்.

விழாது. இது பலருக்கும் தெரியவில்லை என்பதுதான் என் கவலை.

கணக்கைப் பார்ப்போம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈரக் கையோடும் ஈரக் காலோடும் நிற்கும் ஒருவரின் உடல் தரும் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், அவர் வழியாகத் தரைக்குப் பாய்வது 0.23 ஆம்பியர். ஒரு சாதாரண சீலிங் ஃபேன் இழுப்பதைவிடக் குறைவு. பவர் பிளக்குக்குப் போட்டிருக்கும் எம்.சி.பி.யோ 16 ஆம்பியர்வரை அசையாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்டது. மனிதர் துடிப்பது அதற்கு இன்னொரு ஃபேன் ஓடுவதுபோலத்தான் தெரியும். எம்.சி.பி.யும் பழைய ஃபியூஸ் கட்டையும் வயர் தீப்பிடிக்காமல் காக்க வந்தவை. ஆளைக் காக்கும் வேலை அவற்றுக்குத் தரப்படவே இல்லை.

ஆளுக்கு எவ்வளவு மின்னோட்டம் ஆபத்து என்பதைப் பொறுமையாக அளந்தவர் அமெரிக்காவின் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சீல். முன்வந்த தன்னார்வலர்களின் கையில் ஒரு கம்பியைக் கொடுத்து, மின்னோட்டத்தை மெல்ல மெல்லக் கூட்டி, எந்த அளவுவரை அவர்களால் அதைத் தாமாக விட முடிகிறது என்று பார்த்தார். 134 ஆண்கள், 28 பெண்கள். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் கை பிடியை விடாது. விரல்களை மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளைவிட வலுவானவை. மின்சாரம் இரண்டையும் ஒருசேர இறுக்கும்போது மடக்குபவை வென்றுவிடுகின்றன. மெஷினைக் கையில் பிடித்து வேலை செய்பவருக்கு இதைவிடக் கெட்ட நிலை கிடையாது. தொட்ட பொருளிலிருந்து தெறித்து விழ அவருக்கு வாய்ப்பே இல்லை. நேரம் நீள நீள, இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து துடிதுடிக்கத் தொடங்கலாம். அப்போது இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகாது.

அதே டால்சீல்தான் 1961இல் இதற்கு ஒரு தடுப்புக் கருவியையும் வடிவமைத்தார். அந்த வகைக் கருவி நம் ஊர்க் கடைகளில் ஆர்.சி.சி.பி. என்ற பெயரில் கிடைக்கிறது. ஃபேஸ் வயரில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமாக இருக்க வேண்டும். இரண்டு வயரும் ஒரே இரும்பு வளையத்துக்குள் நுழைந்து போவதால், சமமாக இருக்கும்வரை அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். போனதில் கொஞ்சம் யாரோ ஒருவரின் உடல் வழியாகத் தரைக்குப் போய்விட்டால், அந்த வித்தியாசம் வளையத்தில் காந்தப்புலமாகத் தலைகாட்டும். உடனே இணைப்பு துண்டிக்கப்படும். 30 மில்லி ஆம்பியர் வகை, அந்த அளவு கசிவுக்கு 0.3 நொடிக்குள் விழ வேண்டும். கசிவு பெரிதானால் இன்னும் வேகமாக விழும். எர்த் இணைப்பே இல்லாத இடத்திலும் இது வேலை செய்யும் என்பது பலருக்கும் தெரியாத நல்ல செய்தி. ஆனால் ஒரே ஆள் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து, தரைக்கு எதுவும் கசியாவிட்டால் இது கண்டுகொள்ளாது. வயர் சூடாவதையும் தடுக்காது. அதற்கு எம்.சி.பி. தனியாக வேண்டும்.

வயர் சூடாவது தனிக் கதை. இரும்பு வெட்டும் 14 அங்குல மெஷின் 2,300 வாட் என்றால் 10 ஆம்பியர் இழுக்கும். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 30 மீட்டர் நீட்டினால், போகவர 60 மீட்டர், மின்தடை ஏறத்தாழ 1.4 ஓம். வயரிலேயே 14 வோல்ட் குறைந்துவிடும், 140 வாட் வெப்பமாகும். வயரை முழுக்கப் பிரித்துத் தரையில் போட்டால் மீட்டருக்கு 5 வாட்டுக்கும் குறைவு, காற்று வாங்கிக்கொள்ளும். சுருட்டி வைத்தபடியே ஓட்டினால் அந்த 140 வாட்டும் ஒரு கைப்பிடிச் சுருளுக்குள் சிக்கும். சாதாரண பி.வி.சி. உறை தாங்குவது 70 டிகிரி. அதற்கு மேல் இளகி, உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட நெருங்கும். சுருளாக இருப்பதால் காந்தப்புலம் உண்டாகிச் சூடாகிறது என்று சொல்பவர்கள் உண்டு. போகும் வயரும் வரும் வயரும் ஒட்டியே கிடப்பதால் அந்தப் புலம் பெரும்பாலும் அழிந்துபோகிறது. வெப்பம் வெளியேற வழியில்லாததே காரணம். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் வாங்கினால் அதே வேலைக்கு 41 வாட்தான் வீணாகும். விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கும் வயருக்குள் செம்பு பூசிய அலுமினியம் இருந்தால் மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும்.

வோல்ட் குறைந்தால் மெஷினுக்கும் கேடு. அதைக் குளிர்விக்கும் விசிறி மோட்டாரின் அச்சிலேயே பொருத்தியிருக்கிறது. வேகம் குறைந்தால் காற்றும் குறையும். வெட்டு மந்தமாக இருக்கிறதே என்று ஆள் இன்னும் அழுத்துவார், மின்னோட்டம் கூடும், மோட்டாரின் சுருள் புகையும்.

தீக்குச்சி இணைப்புக்கு வருகிறேன். அந்த இடத்தில் கால் ஓம் தடை இருந்தாலே 10 ஆம்பியரில் 25 வாட் வெப்பம். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னின் அளவு அது. அதைப் பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் காய்ச்சிச் செருகி வைப்பதற்குச் சமம். எர்த் வயரும் அங்கே விடுபட்டுப்போகும். மூன்று முள் பிளக்கில் எர்த் முள் மட்டும் நீளமாக இருப்பதே, செருகும்போது அது முதலில் சேரவும் பிடுங்கும்போது கடைசியில் பிரியவும்தான்.

கையில் பிடிக்கும் மெஷின்கள் சிலவற்றில் இரண்டு முள்தான் இருக்கும். உடம்பில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை. ஆனால் இது உலர்ந்த மெஷினுக்கு மட்டுமே பொருந்தும். காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் இரண்டு காப்பையும் அதுவே இணைத்துவிடும். டைல்ஸ் வேலையில் நடப்பது இதுதான்.

பிரிட்டனின் கட்டுமானத் தளங்களில் மஞ்சள் நிற டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் பார்க்கலாம். அது 230 வோல்ட்டை 110 ஆகக் குறைக்கும். அதன் சுருளின் நடுப்புள்ளியை எர்த் செய்திருப்பதால், எந்த வயரைத் தொட்டாலும் தரைக்கும் அதற்கும் 55 வோல்ட்தான். தொழிலாளி தவறு செய்வார், வயர் அறுபடும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு அது. நம் ஊர் மெஷின்கள் எல்லாம் 230 வோல்ட்டில் ஓடுபவை, அந்த வழி நமக்கு இப்போதைக்கு இல்லை. ஆர்.சி.சி.பி. இருக்கிறது. வீட்டின் உரிமையாளர் தற்காலிக மீட்டர் போர்டிலேயே அதைப் பொருத்திக் கொடுக்க வேண்டும். நாள் கூலிக்கு வருபவர் தன் பையில் அதைக் கொண்டுவர மாட்டார். லட்சக்கணக்கில் டைல்ஸுக்குக் கொடுப்பவருக்கு அந்தச் செலவு கண்ணிலே படாது. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை வேலை தொடங்கும் நாளிலும், பிறகு அவ்வப்போதும் அழுத்திப் பார்க்க வேண்டும். விழவில்லை என்றால் மாற்ற வேண்டும். ஈரத்தில் கிடக்கும் இணைப்புக்கு டேப் உதவாது. நீர் தெறித்தாலும் தாங்கும் நீல நிற இண்டஸ்ட்ரியல் பிளக்கும் சாக்கெட்டும் எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கின்றன.

கிரைண்டரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 4 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. தட்டை மறைக்கும் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு அதில் பெரிய மரமறுக்கும் பிளேடை மாட்டுபவரைக் கண்டால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

யாராவது ஷாக்கில் ஒட்டிக்கொண்டால் கையால் இழுக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்குங்கள் அல்லது மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் பைப்பாலோ வயரைத் தள்ளுங்கள். மூச்சில்லை என்றால் ஒருவர் 108ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்த வேண்டும். ஷாக் அடித்தவர் எழுந்து உட்கார்ந்து “ஒண்ணுமில்ல” என்று சொன்னாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்.