நிழலும் நேரமும்: சிறுவருடன் சூரிய மணிக்கூடு அமைத்தல் பற்றிச் சில குறிப்புகள்

சூரிய மணிக்கூட்டைப் பிழையான நேரங் காட்டும் பழங்கருவியாகக் கருதுவது வழக்கம். அந்நேரம் எவ்வகையிற் பிழையானது என்னும் வினாவை, யாழ்ப்பாணத்திற் சிறுவர் சிலருடன் அக்கருவியை அமைத்தபோது நாம் எதிர்கொள்ள நேர்ந்தது.

அதன் அடிப்படை எளியது. பூமி தன் அச்சிற் சுழல்வதால் ஞாயிறு மணித்தியாலத்துக்கு 15 பாகை நகர்வதாகத் தோன்றுகிறது. புவியச்சுக்குச் சமாந்தரமாக ஒரு கம்பியை அமைத்தால், அதற்குச் செங்குத்தான தட்டில் அதன் நிழலும் அவ்வீதத்திலேயே சுழலும். தரையுடன் கம்பி அமைக்கவேண்டிய கோணம் அவ்விடத்து அகலக்கோட்டுக்குச் சமன். யாழ்ப்பாணத்தில் அது ஏறத்தாழ 9.7 பாகை.

நாம் எடுத்துக்கொண்டவை ஒரு சைக்கிள் கம்பியும் தடித்த மட்டையுமே. 4 சதமமீற்றர் ஆரையுடைய வட்டத்தின் மையத்திற் கம்பியைச் செங்குத்தாகச் செருகி, தென்புறம் 23.5 சதமமீற்றர் நீளவிட்டோம். கம்பியின் தென்முனையும் வட்டத்தின் விளிம்பும் தரையைத் தொடும்படி வைத்தால் வேண்டிய சாய்வு தானே அமையும். வட்டத்தின் இரு முகங்களிலும் 15 பாகைக்கு ஒரு கோடு: நேர்கீழே 12 மணி, மேற்கே காலை 6, கிழக்கே மாலை 6. மார்ச்சு 21 அளவிலிருந்து செப்டெம்பர் 23 வரை வடமுகத்திலும், எஞ்சிய மாதங்களிலே தென்முகத்திலும் நிழல் விழும்.

வடக்கைக் காண்பதே கடினம். சமதரையிற் கோலொன்றை நட்டு, அதனைச் சுற்றி வட்டங் கீறி, முற்பகலிலும் பிற்பகலிலும் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளை இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். அதற்குச் செங்குத்து வடக்கு. காத்திருத்தல் சலிப்பூட்டும் என அஞ்சினோம். சிறுவரோ வெயிலில் நின்று நிழலுக்குக் காவலிருந்தனர். நிழல்கொண்டு திசை காணும் அறிவு தமிழுக்குப் புதிதன்று. நண்பகலிற் கோல் நட்டுத் திசை குறித்து, கயிறிட்டு அரண்மனைக்கு நிலம் வகுத்தமையை நெடுநல்வாடை கூறும். நூலறிந்தோரின் நுட்பத்தைப் போற்றும் அப்புலவர் மண் சுமந்தோரைப் பாடவில்லை என்பதும் ஈண்டு மனங்கொளத்தக்கது.

கருவி முற்றுப்பெற்றதும் ஒரு சிறுமி கைக்கடிகாரத்துடன் ஒப்பிட்டு, "வெயில் பிழையோ, மணிக்கூடு பிழையோ?" என்றாள். அது பெப்ரவரி நடுப்பகுதி. நிழல் 24 நிமிடம் பிந்தியிருந்தது. அதில் 14 நிமிடம் புவிப்பாதை நீள்வட்டமாயிருப்பதாலும் அச்சுச் சாய்ந்திருப்பதாலும் விளைவது. அதே காரணங்களால் நவம்பர்த் தொடக்கத்தில் ஞாயிறு 16 நிமிடம் முந்தும். எஞ்சிய 10 நிமிடம் வானியலுக்குரியதன்று, ஆட்சிக்குரியது. 1906இல் பிரித்தானியராட்சி வகுத்த, இன்றும் வழங்கும் இலங்கை நேரத்துக்கு ஆதாரம் 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோடு. அக்கோடு இத்தீவை எங்குந் தொடாது கிழக்கே கடலிற் செல்கிறது. யாழ்ப்பாணம் 80 பாகையிலுள்ளது. பாகைக்கு 4 நிமிடமாக வேறுபாடு 10 நிமிடம்.

பொது நேரத்தை நாம் மறுக்கவில்லை. பேருந்து நிழலைப் பார்த்துப் புறப்படுவதில்லை. ஆயின் அது மனிதர் எடுத்த முடிவு, மாற்றப்படவுங் கூடியது. 1996 மே மாதத்தில், மின்சாரத்தைச் சேமிக்கவென மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தப்பட்டன. ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கின. 2006 ஏப்பிரலிலேயே பழைய நேரம் மீண்டது. 1996இன் அம்மாதங்களில் யாழ்ப்பாணத்தில் ஞாயிறு உச்சிக்கு வந்தது ஏறத்தாழப் பிற்பகல் 1.10க்கு. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியிலோ பழைய நேரமே தொடர்ந்தது. ஒரே வெயிலின்கீழ் இரு அதிகாரங்கள், இரு நேரங்கள்.

இவற்றையே சிறுமிக்கு விடையாகக் கூறினோம். அவள் முழுதும் நம்பியதாகத் தெரியவில்லை. அம்மம்மாவிடம் கேட்டுவருவதாகச் சொல்லிச் சென்றவள், மறுநாள் 'பழைய நேரம்', 'புதிய நேரம்' என்னும் சொற்களோடு வந்தாள்.