இருபது முகப் பகடையும் ஒரு காவல்காரனும்

மதுரையிலிருந்து தென்கிழக்கே 12 கிலோமீட்டர் போனால் கீழடி. அங்கே தோண்டியபோது தந்தப் பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்தன. தாயம் உருட்டிப் பழகிய இந்த ஊருக்குப் பகடையை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ 1974-இல் அமெரிக்காவில் வெளியானது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். ஒருவர் மட்டும் கதையையும் எதிரிகளையும் நடத்துவார். வீசிய வெட்டு விழுந்ததா, தப்பியதா என்று இருபது முகப் பகடை சொல்லும்.

பாத்திரம் நாலாம் லெவலைத் தொட்டதும் ஒரு கேள்வி வரும். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, உடல்வலிமை போன்ற ஓர் அடிப்படை எண்ணை இரண்டு உயர்த்தலாம். கதை நடத்துபவர் சம்மதித்தால், அதை விட்டுவிட்டு ‘ஃபீட்’ எனப்படும் தனித்திறன் ஒன்றை எடுக்கலாம். இரண்டும் சேர்த்துக் கிடைக்காது.

நாகமலை அடிவாரத்தில் ஊர்க்காவல் பார்க்கும் ஒருவரைப் பாத்திரமாக வைத்துக்கொள்வோம். வலிமை 16. இரண்டு கையாலும் பிடிக்கும் பெரிய அரிவாள். வெட்டு விழுந்தால் சராசரியாக 10 சேதம். ‘கிரேட் வெப்பன் மாஸ்டர்’ என்ற தனித்திறன் எல்லோர் கண்ணையும் இழுக்கும். குறிபார்க்கும் பகடை எண்ணில் ஐந்தைக் குறைத்துக்கொண்டால் சேதத்தில் பத்து கூடும். கேட்கவே ஆசையாக இருக்கிறது, இல்லையா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பகடையில் 11 அல்லது அதற்குமேல் விழ வேண்டிய எதிரி என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு: வீச்சுக்குச் சராசரி 5. இந்தத் திறனோடு 16 விழ வேண்டும், கால்வாசி வாய்ப்பு, சேதம் 20. சராசரி அதே 5! வெறுமனே வலிமையை 18 ஆக்கியிருந்தால் குறியிலும் சேதத்திலும் ஒன்று கூடி, சராசரி 6-ஐத் தாண்டியிருக்கும். 6 விழுந்தாலே வெட்டுப்படும் இளைத்த எதிரியிடம்தான் இந்தத் திறன் ஏழரையைப் பத்தாக்கிக் காட்டும். கனத்த கவசம் போட்டவனிடம் நட்டம்தான்.

என் காவல்காரருக்கு நான் எடுப்பது ‘சென்டினல்’. தன்னைத் தாண்டி ஓடுகிற எதிரியை அவர் வெட்டி, அந்த வெட்டு விழுந்துவிட்டால், எதிரி அந்த முறையில் அதற்குமேல் ஓரடி நகர முடியாது. பக்கத்தில் நிற்கும் எதிரி கூட்டாளியைத் தாக்கினாலும் இவர் திருப்பி வெட்டலாம். கண்மாய்க் கரையில் பின்னால் நிற்கும் மந்திரக்காரக் கூட்டாளிப் பெண்ணிடம் எவனும் எளிதில் நெருங்க முடியாது. தன் முறை வராதபோதும் இவருக்கு வேலை இருக்கிறது. தனித்திறனை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை: ஒரு மாலை ஆட்டத்தில் அது எத்தனை தடவை கைகொடுக்கும், பக்கத்தில் இருப்பவரின் ஆட்டத்தை எவ்வளவு மாற்றும். சண்டையே அபூர்வமாக வரும் கதை என்றால் சென்டினலும் வீண். எனவே எந்த மாதிரிக் கதை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

2024-இல் திருத்திய விதிகள் இந்த இழுபறியைத் தளர்த்திவிட்டன. முதல் லெவலிலேயே எல்லோருக்கும் எளிய தனித்திறன் ஒன்று உண்டு. நாலாம் லெவலில் சென்டினல் எடுத்தால் வலிமையிலோ சுறுசுறுப்பிலோ ஒரு புள்ளியும் கூடவே வரும். ஐந்தைக் கொடுத்துப் பத்தை வாங்கும் பழைய பேரமும் எடுக்கப்பட்டுவிட்டது.