லம்பாடிப் பூத்தையலும் புவிசார் குறியீடும்

முன்னுரை

பொதிமாடுகளில் தானியமும் உப்பும் ஏற்றித் தக்காணமெங்கும் வணிகம் செய்தவர் பஞ்சாரா மக்கள். இவர்கள் கருநாடகத்தில் லம்பாணி எனவும் தமிழகத்தில் லம்பாடி எனவும் அழைக்கப்பெறுகின்றனர். இம்மக்களின் பூத்தையற் கலை இன்று எதிர்கொள்ளும் முரண்பாடு ஒன்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கலையின் இயல்பு

பேட்டியா என்னும் பாவாடை, காஞ்சளி என்னும் முதுகு திறந்த மேலாடை, முக்காட்டுத் துணி ஆகியவற்றில் இக்கலை சிறப்புற அமைந்துள்ளது. பருத்தித் துணியில் வண்ண நூலால் வடிவங்கள் தைக்கப்பெற்று, கண்ணாடித் துண்டுகளும் சோழிகளும் நாணயங்களும் பதிக்கப்பெறுகின்றன. எஞ்சிய துணித் துண்டுகள் ஒட்டுத்தையலால் இணைக்கப்பெறுவதும் உண்டு. இடம்பெயர்ந்து வாழ்வோர் தறியைச் சுமத்தல் அரிது. ஊசியும் நூலும் சுமையாவதில்லை. எனவே, இக்கலை அலைவாழ்க்கைக்கு இயைந்ததாக விளங்கியது.

வாழ்வியல் மாற்றம்

19ஆம் நூற்றாண்டில் சாலைகளும் இருப்புப்பாதைகளும் பெருகியமையால் பொதிமாட்டு வணிகம் நலிவுற்றது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டமும் அலைந்து வாழும் குடிகளை ஐயத்திற்குரியோராக்கியது. இது 1952இல்தான் நீக்கப்பெற்றது. தண்டா எனப்படும் குடியிருப்புகளில் நிலைபெற்ற இம்மக்களிடம் மரபுடை படிப்படியாக வழக்கொழிந்தது. தருமபுரி மாவட்டச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் முதிய பெண்கள் சிலரே பூத்தையலை அறிந்திருந்தனர். மருத்துவர் லலிதா ரெஜியின் ஊக்கத்தால் இளைய பெண்கள் அவர்களிடம் அதனைக் கற்று, 'பொர்கை' என்னும் அமைப்பை உருவாக்கினர். லம்பாடி மொழியில் இச்சொல் 'பெருமிதம்' எனப் பொருள்படும். ஒருகாலத்தில் தமக்கெனத் தைத்த தையலை இன்று பிறர் அணியும் ஆடைகளில் இவர்கள் தைக்கின்றனர்.

குறியீட்டின் எல்லை

பெல்லாரி மாவட்டத்தின் 'சண்டூர் லம்பாணிப் பூத்தையல்' 2010இல் புவிசார் குறியீடு பெற்றது. இதனால் அப்பகுதிக் கைவினைஞர்க்குப் பெயர்க்காப்பு வாய்த்தது. ஆயினும், இக்குறியீட்டிற்கு அடிப்படையான 1999ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு பொருளின் தரத்தையும் புகழையும் அது தோன்றும் நிலப்பகுதியோடு பிணைக்கிறது. லம்பாடிக் கலையோ நிலத்தோடன்றி மக்களோடு பயணித்தது. ஒரே மரபின் வழிவந்த சிட்டிலிங்கிப் பெண்களின் தையல் சண்டூரின் குறியீட்டிற்குள் அடங்குவதில்லை. ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே பதிவுபெறலாம் எனினும், அதனால் ஒரே மரபு பல ஊர்ப்பெயர்களாகச் சிதறும்.

முடிவுரை

புவிசார் குறியீடு போலிகளைத் தடுக்க உதவுவது உண்மை. எனினும், நாடோடி மரபில் தோன்றிய கலைகளுக்கு அது மட்டும் போதாது. ஊரைச் சார்ந்த காப்புடன், இனமரபைச் சார்ந்த கூட்டுரிமையும் ஏற்கப்பெறும்போதே தைப்பவர் எங்கு வாழினும் அவர்தம் கலை அவருடையதாக நிலைபெறும்.